பெண் வீட்டுக்காரி

படகு கரை தட்டியதும் வோண்டா முழங்கால் நனைய இறங்கிக் கறுப்பு மணலில் நடந்தாள். பத்தடி போவதற்குள் இருபது முப்பது பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இழவு வீட்டைப் போல ராகம் போட்ட அழுகை. அவளுடைய கொள்ளுத்தாத்தாவைக் கப்பல்காரர்கள் இதே கரையிலிருந்துதான் கரும்பு வெட்ட அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஊர் அழுதது பாதியில் நின்றுபோயிருக்கும்போல. மீதியை நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து இவள் தோளில் அழுது தீர்த்தார்கள்.

வோண்டா எளிதில் அழுகிறவள் அல்ல. ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் மக்காய் ஊர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு ரயில் ஓட்டுகிறவள். அப்பா செத்தபோதுகூட ஆலைக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டுதான் அழுதாள். அப்படிப்பட்டவள் அன்று ஊரே பார்க்க மூக்கைச் சிந்தினாள்.

முதலில் அழுகையை நிறுத்தியவள் டோர்காஸ். வோண்டாவைவிட மூன்று நான்கு வயது மூத்தவள், கட்டை குட்டையாக, காதில் செம்பருத்தி செருகியிருந்தாள்.

"போதும், விடுங்கடி. பொணத்தையா எறக்கியிருக்கோம்? பசியோட வந்திருப்பா."

டோர்காஸின் மூத்த மகன் மக்காயில் இறைச்சி ஆலையில் ஒப்பந்த வேலைக்கு வந்தவன். கடைத்தெருவில் வோண்டாவின் வேலைச் சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு நின்றான். "அம்ப்ரிம்னு போட்டிருக்கே, அது எங்க தீவு. உங்களுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு?" என்று கேட்டான். கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரத் துரை டாமி என்று பெயர் வைத்து, கூடவே தீவின் பெயரையும் ஒட்டிவிட்டான் என்று வோண்டா சொன்னாள். தாத்தா பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிப் பழக்கிய இரண்டு வார்த்தைகளையும் சொன்னாள். ரன்போல் என்பது ஊர். புலேவர் என்பது கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயர். அதைக் கேட்டதும் அவன் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து தொடங்கித் தொலைபேசி, கடிதம், பாஸ்போர்ட், இரண்டு விமானம், ஒரு படகு.

மூன்று நாள் வோண்டாவைத் தரையில் விடவில்லை. பூப்போட்ட தொளதொள கவுனைப் போட்டுவிட்டார்கள். கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலில் குழைத்து இலையில் பொதிந்து சுடுகல்லில் வேகவைத்த லாப்லாப்பை வேளை தவறாமல் ஊட்டினார்கள். கரும்புக் காட்டிலும் கப்பலிலும் வளர்ந்த பிஸ்லாமாதான் தீவின் பொதுப் பேச்சு. அவள் தாத்தா காலத்து ஆட்கள் பேசியதும் கிட்டத்தட்ட அதே பேச்சு என்பதால் முக்கால்வாசி புரிந்தது. தெருவில் போகிற கிழவர்களின் நெற்றி அப்பாவின் நெற்றியாக இருந்தது. பெரியப்பா மாதிரியே ஒருத்தர் இருமினார். டோர்காஸின் அண்ணன் எனோக், அந்த வகையறாவுக்குப் பெரியவர், வரும் சனிக்கிழமை பன்றி அறுத்து அவளுக்கு ஊர்ப் பெயர் வைப்பதாக எல்லார் முன்னாலும் சொன்னார். வோண்டா அன்று டோர்காஸ் வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எனோக் அவளைத் தனியாக உட்காரவைத்தார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை நெலக் கோர்ட்டு. வெளியூர்த் தலைவருங்க மூணு பேரு வர்றாங்க. நீ நாலு வார்த்தை பேசணும்."

"எந்த நெலம்ண்ணா?"

"மெல்வார். நீ வந்து எறங்கின கரைலேர்ந்து மேல ஊத்து வரைக்கும். புலேவர் பாத்தியதை. அவரைக் கொண்டு போனப்புறம் எங்க தாத்தா அவருக்காகப் பாத்துக்கிட்டாரு. இப்ப ஹாரிசன் கூட்டம் வந்து, புலேவர் வம்சம் அத்துப் போச்சு, இனி அது எங்க பங்குங்கறான். டூரிஸ்ட்டு கப்பலுங்க வந்து நிக்கிற கரை பாரு, விடுதி கட்டப் போறானாம். நீ எழுந்து நின்னு, நான்தான் வம்சம்னு சொன்னா முடிஞ்சுது."

வோண்டா கேட்டாள். "இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

எனோக் தாடியைத் தடவினார். "இதுக்கும் சேத்துத்தான்."

மழுப்பாமல் சொன்னாரே என்று அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. உன் கொள்ளுப்பாட்டி யாருன்னு கேப்பான். அவங்களும் அம்ப்ரிம் பொண்ணு, இங்கயே முறைப்படி கட்டி அதே கப்பல்ல போனவங்கன்னு சொல்லிடு."

"அவங்க பேரு கிட்டி. யூவிக்காரங்க. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தியே மக்காய் மண்ணு அவங்க மண்ணு."

"தெரியும்மா. பன்னி குடுத்தாங்களா அவங்களுக்கு? இல்லையே. பன்னி குடுத்துக் கட்டாத பொண்ணுக்குப் பொறந்தது தாய் வீட்டுப் புள்ளை. எங்க வழக்கம் அது. நீ கிட்டின்னு வாயைத் தொறந்தா அவன் அதையே புடிச்சுத் தொங்குவான். நீ எங்க புள்ளையே இல்லன்னு ஆயிடும்."

"அப்ப கிட்டி இல்லவே இல்லன்னு சொல்லணும்."

"ஒரு நாளைக்குத்தானே. செத்தவங்க கோச்சுக்க மாட்டாங்க."

வோண்டா எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டாள். எரிமலைச் சாம்பல் தூறிக்கொண்டிருந்தது. அவள் மனசு முழுக்கப் போன வருஷத்துக் கூட்டம் ஒன்றுதான் ஓடியது. மக்காயில் அவர்கள் மண்ணுக்கான வழக்குக்கு வம்சாவளி எழுதும் கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட இளம் வக்கீல் பெண், நல்ல மாதிரிதான், பேனாவால் தாளைத் தட்டிச் சொன்னாள். "கிட்டி வழிதான் நமக்கு முக்கியம். டாமியைப் பத்தி இவ்வளவு வேண்டாமே. தீவுக்காரங்க பக்கம் பெரிசாத் தெரிஞ்சா எதிர்த்தரப்பு அதைப் பிடிச்சுப்பாங்க." அவள் பின்னால் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களில் யாரோ, "அதானே, பேரே தீவுப் பேரு," என்று முணுமுணுத்தார்கள். வோண்டா கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யூவிப் பிள்ளைகள் அவளைத் தீவுக்காரி என்றன. தீவுக்காரப் பிள்ளைகள் மண்ணுக்காரி என்றன. வெள்ளைப் பிள்ளைகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை வைத்திருந்தன. இதெல்லாம் பழகிப்போன கதை. ஆனால் அங்கே தாத்தாவை மறைக்கச் சொன்னார்கள் என்று கோபித்துக் கடல் தாண்டி வந்தால், இங்கே பாட்டியை மறைக்கச் சொல்கிறார்கள். இதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் சுட்டது.

மறுநாள் டோர்காஸோடு தோட்டத்துக்குப் போனாள். ஊற்றுக்குக் கீழே சேப்பங்கிழங்கு ஒரு பக்கம், பெருவள்ளி ஒரு பக்கம், நடுவில் வாழை. டோர்காஸ் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கினாள். வோண்டாவும் உட்கார்ந்தாள்.

"இதும் மெல்வார் நெலம்தானே அக்கா?"

"ஆமா."

"வழக்கு தோத்தா?"

"தோத்தா இதும் போகும். அந்தப் பக்கம் புடுங்கு, இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

"எனோக் அண்ணன் சொல்லச் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"அவன் எங்கிட்ட ஒத்திகையே பாத்துட்டான். பொய் சொல்றதுன்னா நல்லாச் சொல்லு. உன் மூஞ்சிக்கு அது வராது. என் லாப்லாப் நல்லாருக்குன்னு நீ சொன்னப்பவே பாத்தேனே."

வோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "கொஞ்சம் உப்பு போடலாம்."

"போடலாம். உப்பு படகுல வரணும்." டோர்காஸ் ஒரு கொத்துக் களையை உதறினாள். "நீ எது சொன்னாலும் எனக்கு மனஸ்தாபம் இல்ல. கிழங்கு எங்க போட்டாலும் மொளைக்கும். சொந்தக்காரி ஒருத்தி வந்து, பொய் சொல்லிட்டு, அப்புறம் எங்க மூஞ்சில முழிக்கப் புடிக்காம திரும்ப வராமலே போயிட்டா, அதுதான் நட்டம்."

இருவரும் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள். வோண்டாதான் கேட்டாள்.

"அந்தப் பன்னியை யார் வாங்குவாங்க?"

"பொண்ணு வீட்டார். அப்பன், அண்ணன், தம்பி, யாரு இருக்காங்களோ அவங்க."

"கல்யாணத்தன்னிக்கே குடுத்திடணுமா?"

"யாரு குடுக்கறான். என் புருஷன் செத்து மூணு வருஷம் கழிச்சுத்தான் எனக்குண்டான கடைசிப் பன்னி வந்துச்சு. அதுவும் சொத்தைப் பன்னி. எங்கண்ணன் ஒரு மாசம் திட்டினான். எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்," என்றாள் வோண்டா.

வியாழக்கிழமை காலையில் நடனக் களத்தில் ஆளுயர முரசுகளைத் தட்டினார்கள். ஊர் கூடியது. மூன்று தலைவர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் அபெல். உடைந்த கண்ணாடியைக் கயிற்றால் காதில் கட்டியிருந்தார். ஆண்கள் இரண்டு அணியாக எதிரெதிரே உட்கார்ந்திருக்க, பெண்கள் ஈரப்பலா மரத்தடியில் ஓரமாக இருந்தார்கள். எனோக் நீளமாகப் பேசினார். எல்லை, ஊற்று, எந்தத் தாத்தா எந்தத் தென்னையை நட்டார் என்று எல்லாம் சொன்னார். பேசி முடித்து வோண்டாவைக் காட்டினார்.

"புலேவர் வம்சம் அத்துப் போச்சுன்னு சொன்னாங்களே. இதோ நிக்குது."

ஹாரிசன் எழுந்தார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, மெல்லிய குரல். கத்தாமலே குத்தத் தெரிந்தவர்.

"அந்தம்மா வந்தது எங்களுக்கும் சந்தோஷம். நான் வேற கேள்வி ஒண்ணும் கேக்கல. அம்மா, உங்க கொள்ளுப்பாட்டி எந்த ஊரு?"

எனோக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டோர்காஸ் மரத்தடியில் தலை குனிந்து பாய் முடைய நார் உரித்துக்கொண்டிருந்தாள். வோண்டா களத்துக்கு நடுவே வந்து நின்றாள். ரயில் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவளுக்கு.

"அவங்க பேரு கிட்டி. அம்ப்ரிம் இல்ல. மக்காய்ல பயனியர் ஆத்தோரம் பொறந்தவங்க. யூவி. தீவுக்காரங்களையெல்லாம் திருப்பி அனுப்பணும்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டப்ப புலேவரைத் தேடினாங்க. கிட்டியோட ஆளுங்கதான் அவரை மலைக்குள்ள கொண்டுபோய் ரெண்டு வருஷம் ஒளிச்சு வெச்சாங்க. அப்ப எங்க பொண்ணுங்க தீவுக்காரனைக் கட்டிக்கணும்னா அதிகாரி அனுமதி வேணும். இவங்க கேக்கல. போலீஸ் வந்து ரெண்டு தடவை அவங்களைப் புடிச்சுட்டுப் போச்சு. ரெண்டு தடவையும் நடந்தே திரும்பி வந்தாங்க. ஆறு புள்ளைங்க."

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. எனோக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பன்னி குடுத்தாங்களா?" என்று ஹாரிசன் கேட்டார்.

"இல்ல."

"அவ்வளவுதான் ஐயா," என்று ஹாரிசன் தலைவர்கள் பக்கம் திரும்பினார். "வழக்கத்தை நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் புள்ளைங்க தாய் வீட்டுப் புள்ளைங்க. இந்தம்மா விருந்தாளி. நல்லாச் சாப்பிட்டு, ஆட்டம், பாட்டெல்லாம் பாத்துட்டுப் போகட்டும். ஆஸ்திரேலியாவுல அவங்க ஆளுங்களுக்கே நெலம் இல்லன்னு கேள்விப்பட்டேன். அதுக்காக இங்க வந்து கேக்க முடியுமா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அபெல் மற்ற இரண்டு தலைவர்களிடமும் குனிந்து ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். பெண்களில் யாரோ, "பாவம், போதும் வந்து உக்காரச் சொல்லுங்க," என்றாள்.

வோண்டா உட்காரவில்லை.

"ஐயா, நான் பேசி முடிக்கல."

அபெல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொல்லும்மா."

"இவரு சொன்னது சரி. எங்க ஆளுங்க கையில நெலம் இல்ல. புடுங்கிக்கிட்டாங்க. நாங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், விடல. அதனால அடுத்தவங்க நெலத்தைக் கேக்க நான் இங்க வரல. எனக்கு மெல்வார்ல ஒரு தென்னை மட்டைகூட வேண்டாம்." எனோக் முகத்திலிருந்து கையை எடுத்தார். "ஆனா ஒரு வழக்கம் சொன்னாங்க. பன்னி குடுக்கலன்னா புள்ளைங்க தாய் வீட்டோடன்னு. சரி. அப்ப இன்னிக்குக் குடுங்க."

"என்னத்தைக் குடுக்கறது?"

"கிட்டிக்குண்டான பன்னியை. லேட்டாக் குடுத்தாலும் செல்லும்னு உங்க ஊர்லயே கேட்டேன். செல்லுமா, செல்லாதா?"

மூன்று தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலதுபக்கம் இருந்தவர், தன் பாட்டிக்கு அப்படித்தான் கொடுத்தது என்று மெதுவாகச் சொன்னார்.

"செல்லும்," என்றார் அபெல். "ஆனா வாங்கறதுக்குப் பொண்ணு வீட்டார் வேணுமே. நேர்ல நிக்கணும்."

"நிக்கறேனே. கிட்டியோட வீட்டார் நான்தான்."

ஈரப்பலா மரத்தடியில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது.

ஹாரிசன் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "அது எப்படிய்யா? அந்தம்மா புலேவர் வம்சம்னுதானே கொண்டாந்து நிறுத்தினாங்க. அவங்களே மாப்பிள்ளை வீடு, அவங்களே பொண்ணு வீடா? ஏதாவது ஒரு பக்கம் நிக்கச் சொல்லுங்க."

வோண்டா அவர் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாரே, ஐம்பத்திரண்டு வருஷமா எல்லாரும் எங்கிட்ட இதையேதான் சொல்றாங்க. ஒரு பக்கம் நில்லு, ஒரு பக்கம் நில்லுன்னு. அங்க ஒரு வக்கீலம்மா சொன்னாங்க, இங்க எங்க அண்ணன் சொன்னாரு, இப்ப நீங்க. நான் எதுக்கு நிக்கணும்? அந்த ஆறு புள்ளையையும் பெத்தது ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் எனக்குப் பேரு சொல்லத் தெரியும். கிட்டியைக் குடுத்த வீட்டுக்கு மரியாதை வரல, அது பாக்கி. அதை வாங்காம நான் இந்தக் களத்தை விட்டுப் போறதா இல்ல. நீங்க கோர்ட்டை வேற எடத்துல வெச்சுக்கங்க."

சொல்லிவிட்டு அவள் நடுக்களத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் ஓரத்தைத் தாண்டி அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கிழவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அபெல் கையமர்த்தினார்.

"எனோக், உன் பதில் என்ன? குடுக்கறியா?"

எனோக்குக்கு உடம்பு வியர்த்திருந்தது. "குடுக்கறேன். சனிக்கிழமைக்கு வெச்ச பன்னி இருக்கு."

"எந்தப் பன்னி?"

"அந்தக் கறுப்புக் குட்டி."

அபெல் உதட்டைப் பிதுக்கினார். "நூறு வருஷத்துக்கு மேல பாக்கி வெச்சிருக்கே. புள்ளைங்க ஆறு. குட்டியைக் கொண்டாந்து கட்டினா பொண்ணு வீட்டார் மூஞ்சில துப்புவாங்க. கோரைப்பல் சுருண்ட பன்னி ஒண்ணு உங்கிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அந்தப் பன்றியை ஊரே அறியும். மேல்பல்லைப் பிடுங்கிவிட்டதால் கீழ்ப்பல் தடையில்லாமல் வளைந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பன்றி. வரும் ஆண்டு அதை வெட்டித்தான் எனோக் ஊர்ப் பெரியவர்களின் படிவரிசையில் அடுத்த பட்டத்துக்கு ஏறுவதாக இருந்தார். அவர் கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார்.

"குடுடா," என்று மரத்தடியிலிருந்து டோர்காஸ் சொன்னாள்.

"நீ சும்மாரு."

"நான் எதுக்குச் சும்மாருக்கணும்? ஏழு வருஷமா அதுக்குக் கெழங்கை மென்னு மென்னு ஊட்டினவ நான். எம் பல்லுதான் தேஞ்சுது. உம் பட்டம் இன்னொரு பன்னிக்கு வரும். இவ இன்னொரு தடவை கேக்க மாட்டா."

அவள் நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். யாரையும் கேட்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். கால் மணி நேரம் கழித்துப் பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். அது வழியெல்லாம் முரண்டு பிடித்தது. களத்தின் ஓரத்தில் கயிற்றை அண்ணன் கையில் கொடுத்தாள். எனோக் அதை வாங்கி ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு நடந்துவந்து வோண்டாவுக்கு முன்னால் நின்றார்.

"பேரைச் சொல்லி வாங்கணும்," என்று அபெல் மெதுவாகச் சொன்னார். "யாருக்காகன்னு."

வோண்டா எழுந்தாள். அதுவரை தடுமாறாத குரல் அப்போதுதான் தடுமாறியது. கிட்டி என்பது துரைசாணி வைத்த பெயர். அவளுடைய சொந்தப் பெயரை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதவில்லை. போலீஸ் தாளில் வெறும் கிட்டி. கல்லறைக்குக் கல் இல்லை. மக்காயில் எந்தக் கூட்டத்திலும் அவளுக்காக யாரும் எழுந்து நின்றதாக வோண்டாவுக்கு நினைவில்லை.

"கிட்டிக்காக வாங்கறேன்," என்றாள். "எங்க அப்பாவோட அப்பாவைப் பெத்தவங்க. யூவிப் பொண்ணு. அவங்களுக்கு வேற பேரு இருந்துச்சு, எங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டாங்க. அந்தப் பேருக்காகவும் வாங்கறேன். அவங்களை அனுமதி இல்லாம வாழ்ந்தவள்னு சொன்னாங்க. இன்னிலேர்ந்து அப்படிச் சொல்ல முடியாது. பன்னி வந்தாச்சு."

கயிறு கைமாறியது. பெண்கள் ஓலமிட்டார்கள். அது கரையில் அழுத அழுகை இல்லை. கல்யாண வீட்டுச் சத்தம்.

தலைவர்கள் மதியம் வரை பேசினார்கள். புலேவரின் ஆறு பிள்ளைகளும் புலேவரின் பிள்ளைகளே, வம்சம் அறவில்லை என்று அபெல் அறிவித்தார். ஊற்றும் தோட்டமும் எனோக் வகையறாவின் கையில் அப்படியே இருக்கும். கரைத் துண்டுக்கு மட்டும் இரு தரப்புக்கும் வேறு பழைய பாத்தியதைகள் இருப்பதால் அதை இப்போது தீர்க்க முடியாது, அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கிறோம் என்றார். விடுதி கட்டுவது அதுவரை நிற்கும். பாதி வெற்றி. எனோக் அதைக்கூடக் கொண்டாடவில்லை. பன்றி போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அவர் வோண்டாவோடு பேசவில்லை. சனிக்கிழமை காலையில் அவளே அவர் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"எனக்குப் பேரு வைக்கறதா சொன்னீங்களே அண்ணா."

"எந்த மொகத்தோட கேக்கறே? நான் சொல்லிக் குடுத்த ஒரு வார்த்தை சொன்னியா?"

"இல்ல. சொல்ல மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். அது என் தப்பு. மத்தபடி ஒண்ணும் தப்பில்ல."

"பேரெல்லாம் வைக்க முடியாது," என்றார் எனோக். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "நீ இப்ப சம்பந்தி. சம்பந்திக்கு எங்க ஊர்ல பேரு வைக்க மாட்டோம். பயந்து மரியாதை குடுப்போம். அவ்ளோதான்."

அவர் கோபமாகச் சொல்கிறாரா, கேலியாகச் சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. "வோண்டான்னே கூப்பிடுங்க, போதும்," என்றாள். திரும்பி இரண்டடி வைத்ததும் பின்னாலிருந்து, "காவா குடிப்பியா?" என்று கேட்டார். வேரை இடித்துப் பிழிந்த அந்த மயக்கச் சாற்றைப் பெண்களுக்கு அங்கே கொடுப்பதில்லை. அவள் உட்கார்ந்து ஒரு சிரட்டை குடித்தாள். நாக்கு மரத்தது.

பன்றியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே பெண் வீட்டார் என்ற முறையில் அவளே நின்று வெட்டச் சொல்லிப் பங்கு பிரித்தாள். தலைவர்களுக்கு ஒரு பங்கு, மரத்தடிப் பெண்களுக்குப் பெரும்பங்கு, எனோக்குக்கு முதுகு. பின்தொடை ஒன்றை இலையில் சுற்றி ஹாரிசன் வீட்டுக்கு அனுப்பினாள். டோர்காஸ் முணுமுணுத்தாள். "அவனுக்கு எதுக்கு? எம் பல்லு போன பன்னி."

"விருந்தாளியா வந்து நல்லாச் சாப்பிட்டுப் போகச் சொன்னாருல்ல. அவரும் சாப்பிடட்டும்."

சாயங்காலம் ஹாரிசன் தாமே வந்தார். அதே தேய்த்த சட்டை. சுடுகல் குழிக்குப் பக்கத்தில் நின்று, கறி நன்றாக இருந்தது என்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வோண்டா தான் உட்கார்ந்திருந்த பாயில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"நான் விடப்போறதில்லம்மா," என்றார். "மேல் கோர்ட்டுக்குப் போவேன். தலைநகர்ல. அங்க பன்னிக் கதையெல்லாம் செல்லாது. தாளு கேப்பான்."

"தாளு நெறைய இருக்கு வாத்தியாரே. எங்க மேல போலீஸ் எழுதி வெச்சதே ரெண்டு பொட்டி வரும்."

"வருவியா?"

"எந்தத் தேதின்னு மட்டும் சொல்லியனுப்புங்க."

ஹாரிசன் தலையாட்டிக்கொண்டார். டோர்காஸ் எரிச்சலோடு ஒரு வாழை இலையைக் கிழித்து, லாப்லாப்பில் ஒரு துண்டு வைத்து அவர் முன்னால் தள்ளினாள். வோண்டாவுக்கும் ஒரு துண்டு வைத்தாள்.

"தின்னு. இன்னிக்கு உப்பு இல்லன்னு எவளாவது சொன்னா பாரு."